குப்பைக்குப் போகும் குருத்து

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "வெங்காயம்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பெரியாரைப் பற்றியா?" என்று கேட்டார். "இல்லைங்க, சாம்பாரில் போடுகிற வெங்காயத்தைப் பற்றித்தான்" என்றேன். அவர் பெருந்தன்மையானவர், ஒத்துக்கொண்டார்.

நறுக்கிய வெங்காயத்தின் அடிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தால் மறுபடி முளைக்கும், காரட்டின் தலையை வைத்தால் காரட் வரும், இனிமேல் காய்கறிக் கடைக்கே போகவேண்டாம் என்கிற வீடியோக்கள் உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். என் வீட்டு வாட்ஸப் குழுவில் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தது. நான் படித்தது மெக்கானிகல். வேலை பார்ப்பது தண்ணீர் சுத்திகரிப்பில். எதைப் பார்த்தாலும் 'உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு' என்று கணக்குப் பார்க்கிற புத்தி தொழிலோடு வந்துவிட்டது. அந்தக் கணக்கை இந்த வெங்காயத்துக்கும் போட்டுப் பார்த்தேன். அதில் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். ஆரணிக்காரர்களுக்கு மட்டும் சொல்லவேண்டிய ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

ஒரு பெரிய வெங்காயத்தை நெட்டாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். வேர் ஒட்டியிருக்கிற இடத்தில் கெட்டியாக ஒரு வெள்ளைத் தட்டு தெரியும். அதுதான் தண்டு. நாம் சாப்பிடுகிற அடுக்கடுக்கான சதை இருக்கிறதே, அது தண்டும் அல்ல, வேரும் அல்ல. இலைகளின் அடிப்பாகம் தடித்துப்போய், சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. தட்டின் கீழ்ப்புறத்திலிருந்து வேர் கிளம்பும். தட்டின் நடுவிலும், அடுக்குகளின் இடுக்கிலும் குருத்து மொட்டுகள் உட்கார்ந்திருக்கும். சமையலறையில் நாம் வேண்டாமென்று சீவி எறிவது சரியாக அந்தத் தட்டைத்தான். வெங்காயத்தில் மறுபடி வளரக்கூடிய பாகம் அது ஒன்றுதான். மிச்சத்தை எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் அழுகும்.

பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, அதன் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்து, வேர் இறங்கியதும் நுனியை நறுக்கி, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் செல் பிரிவதைப் பார்த்திருப்போம். பார்த்ததாக ரெக்கார்டு நோட்டில் படமாவது போட்டிருப்போம். வேர் நுனியில் செல் அவ்வளவு வேகமாகப் பிரிவதால்தான் உலகம் பூராவும் அந்தப் பரிசோதனைக்கு வெங்காயத்தை எடுக்கிறார்கள்.

என் பெரியம்மா தறி நெய்கிறவர். அவரிடம் இந்தத் தட்டைக் காட்டி விளக்கினேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவர் நாடாவை நிறுத்தவே இல்லை. "இதுல இன்னாடா புதுசு? பாவு தீர்ந்தா வாலை விட்டுத்தானே அறுக்கறோம். அடியோட அறுத்துட்டா அடுத்த பாவை எதுல பிணைப்பே?" என்றார். தறி தெரியாத வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் கடைசி முழத்தை அச்சிலேயே விட்டுவிட்டு, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைப்பார்கள். அந்த வால் இல்லாவிட்டால் எல்லா இழையையும் விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோக்கவேண்டும். வெங்காயத்தின் அடித்தட்டும் அந்த வால்தான். ஆனால் வாலே துணி ஆகிவிடாது. புதுப் பாவு வெளியிலிருந்து வரவேண்டும். வீடியோக்களில் இந்த இடத்தைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

வெறும் தண்ணீரில் வைத்த அடிக்கட்டை ஐந்தாறு நாளில் பச்சையாகத் தாள் விடும். பார்க்க அழகாக இருக்கும். குழந்தைகள் குதிக்கும். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தண்ணீர், வெங்காயமே நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமெல்லாம் அடிக்கட்டையில் ஒட்டியிருந்த சதையின் சேமிப்பு. வெயில் பட்டால் இலை சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் காற்றிலிருந்து பிடிக்கமுடியாது. குழாய்த் தண்ணீரில் அவை பேருக்குத்தான் இருக்கும். சார்ஜர் இல்லாத பேட்டரி மாதிரி. முதல் அறுப்பில் ஒரு கைப்பிடி தாள் வரும், இரண்டாவதில் பாதி வரும், மூன்றாவதில் நூல் மாதிரி வெளுத்து வரும். அப்புறம் நாற்றம்தான். உள்ளே எதுவும் போகவில்லை என்றால் வெளியே எதுவும் வராது. இதற்கு வெங்காயம் விதிவிலக்கு இல்லை.

அதனால் டம்ளர் என்பது வேடிக்கை காட்டத்தான். தாள் வேண்டும் என்றால் மண். அடிக்கட்டையை ஓர் அங்குலம் சதையோடு நறுக்குங்கள். சமையலுக்குக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வெட்டிய முகம் காயும்படி நிழலில் அரை நாள் வையுங்கள். ஈரத்தோடு புதைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு வேர் கீழே இருக்க, வெட்டுமுகம் மண் மட்டத்துக்கு வருகிற மாதிரி நட்டு, முதல் வாரம் உச்சி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு உமி. நம் ஊரில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, உமிக்கு அலையவேண்டாம். உமி எதற்கு என்றால் தண்ணீர் வடிவதற்கு. வெங்காயம் தாகத்தில் செத்ததை விடக் குளித்துச் செத்ததே அதிகம்.

சரி, நட்டால் பெரிய வெங்காயம் கிடைக்குமா? கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்லாரி வெங்காயம் ஈராண்டுப் பயிர். விதையிலிருந்து முதல் பருவத்தில் காய் வைக்கும், இரண்டாம் பருவத்தில் பூத்து விதை விடும். கடையிலிருந்து நீங்கள் வாங்கிவந்தது முதல் பருவம் முடித்த ஆள். அதை மறுபடி நட்டால் அதன் கவனம் பூவின் மேல் போகும். இரண்டு மூன்று குருத்தாகப் பிரிந்து தாள் விடும், பூத்தண்டு கிளம்பும். தாளைப் பொரியலுக்கு அறுக்கலாம், பூத்தண்டையும் இளசாக இருக்கும்போதே அறுத்துச் சமைக்கலாம். பழைய காயைப் போல இன்னொரு காயை எதிர்பார்த்து மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினால் ஏமாற்றம்தான்.

சின்ன வெங்காயம் கதை வேறு. எனக்குப் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். சாம்பார் வெங்காயம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிற ஜாதி. ஒரு காயை நட்டால் அறுபத்தைந்து, எழுபது நாளில் அது பிரிந்து ஒரு கொத்தாக நிற்கும். திண்டுக்கல், பெரம்பலூர், திருச்சி, நாமக்கல் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதைத்தான். விளைந்ததில் ஒரு பங்கை விதைக்காய் என்று பட்டறை போட்டு வைத்து, அடுத்த போகத்துக்கு நடுவார்கள். வீடியோக்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது அங்கே சம்சாரித்தனம்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு எக்டேருக்கு 1500 கிலோ விதைக்காய் வேண்டும். ஏக்கருக்கு 600 கிலோ. விளைவது எக்டேருக்கு 12 முதல் 16 டன். அதாவது போட்டதற்கு எட்டுப் பத்து மடங்கு. நல்ல வரவு மாதிரித் தெரியும். ஆனால் விலை ஏறுகிற வருஷத்தில் விதைக்காயும் அதே விலைக்கு ஏறிவிடும். கிலோ 60 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 36,000 ரூபாய், உழவுக்கும் கூலிக்கும் முன்னாலேயே. நட்டு முடித்து அறுக்கிற நேரத்தில் விலை இறங்கினால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இதனால்தான் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதை பிடிக்கிற சின்ன வெங்காய ரகத்தைத் தேடியது. 2001-இல் வந்த கோ 5 ரகத்தை விதை தூவி நாற்றுவிட்டே வளர்க்கலாம். டன் கணக்கில் காய் சுமந்த இடத்தில் கிலோ கணக்கில் விதை போதும்.

வெங்காய விலை ஆட்சியையே அசைக்கும் என்பது 1998 டெல்லி சட்டமன்றத் தேர்தலில் எல்லோரும் பார்த்தது. 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நம் வீடுகளில் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயச் சட்னி நின்றுபோனது. 2023 டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டு, 2024 மே மாதம்தான் நீக்கியது. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு டம்ளர் அடிக்கட்டை சமாளிக்காது. நாலு தொட்டி சின்ன வெங்காயமும் சமாளிக்காது. சிக்கனம் என்ற பெயரில் இதை விற்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் கூடையின் அடியில் முளைவிட்டு, தொளதொளத்துப்போய்க் கிடக்கிற ஏழெட்டுச் சின்ன வெங்காயத்தைக் குப்பையில் போடுவதற்குப் பதில் மண்ணில் போட்டால் ஒரு கொத்துத் தாளும், பொறுமை இருந்தால் ஒரு குழம்புக்குக் காயும் வரும். அவ்வளவுக்கு நான் உத்தரவாதம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காரட், முள்ளங்கி, பீட்ரூட் தலைகள் இலைதான் விடும். கிழங்கு வராது. அந்தச் செடிக்கு ஒரே ஆணிவேர், அதை நாம் ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது. முள்ளங்கி இலையும் பீட்ரூட் இலையும் நல்ல கீரை, அந்த அளவுக்கு லாபம். பூண்டுப் பல் சமவெளியில் தாள் விடும், தலை கட்டக் குளிர் வேண்டும், கொடைக்கானல் பக்கம் போகவேண்டும். உருளைக்கிழங்கும் இரவில் குளிர் கேட்கிற ஆள். முளைத்த உருளையின் முளையையும் பச்சைபிடித்த பாகத்தையும் சாப்பிடவே கூடாது, சோலனைன் என்கிற நஞ்சு உண்டு. இஞ்சி, மஞ்சள், சேப்பங்கிழங்கு, சேனை எல்லாம் முளைக்கண் உள்ள துண்டிலிருந்து வரும். சேனையைப் பாட்டி காலத்திலிருந்தே அப்படித்தான் போடுகிறோம். இஞ்சிக்கு எட்டு மாதம் காத்திருக்கவேண்டும். முட்டைக்கோஸ் அடித்தண்டைப் பிடுங்காமல் விட்டால் கணுவுக்குக் கணு குட்டி கோஸ் வைக்கும். காலிபிளவர் வைக்காது. நாம் தின்றது அதன் பூ. தக்காளி விதை முளைக்கும், ஆனால் கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு, தாயைப் போலப் பிள்ளை இருக்காது. அன்னாசிக் கொண்டையை நட்டுப் பழம் பார்க்க ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும். முதலாண்டு மாணவர்கள் இன்றைக்கே நட்டால் டிகிரிக்கு முன்னால் சாப்பிடலாம்.

இத்தனையிலும் வீட்டுக்கு உண்மையாகவே உதவுவது எது என்று கேட்டால் நான் கீரைப் பக்கம்தான் கைகாட்டுவேன். கட்டாக வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டுத் தூக்கிப்போடுகிற தண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு, பசலைக் கொடி. கணுவில் வேர் பிடிக்கிற எதுவும் சரி. கணு ஒன்று மண்ணுக்குள், கணு ஒன்று வெளியே. பொன்னாங்கண்ணியை ஒரு தொட்டியில் பிடிக்கவைத்துவிட்டால் மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம், எருவும் தண்ணீரும் விட்டால் போதும். ஜப்பானில் இந்த வேலைக்கு 'ரிபோவெஜி' என்று ஒரு செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள், மறுபிறவி எடுத்த காய்கறி என்று அர்த்தம். அங்கே கடைகளில் விற்கிற பட்டாணி முளைக்கீரையை வேரோடு வாங்கி, அடிக்கணுவுக்கு மேலே அறுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் வைப்பது சாதாரண வழக்கம். அவர்களும் ஒன்றிரண்டு அறுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் 2013-14இல் அரசு 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் அதற்கு மாடி வேண்டும். ஆரணியில் தறிக்காரர் வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொள்கிறது. மெத்தை வீடு எல்லோருக்கும் இல்லை. மிச்சம் இருப்பது வாசல் திண்ணை ஓரம், கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டடி இடம். அங்கே நாலு மணி நேரம் வெயில் விழுந்தால் ஒரு பொன்னாங்கண்ணித் தொட்டியும் ஒரு வெங்காயத்தாள் தொட்டியும் வைக்கலாம். விதை வாங்கவேண்டாம், நாற்று வாங்கவேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. ஒரு தொட்டிக் கீரையால் அது தீராது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். ஆனாலும் வாரம் இரண்டு நாள் கீரை சமைக்கிற வீட்டுக்கும், கீரைக்காரம்மா வராத நாளில் வெறும் ரசத்தோடு நிறுத்திக்கொள்கிற வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நெய்கிற பெண்கள் தறியைவிட்டு எழுந்து கடைக்குப் போகிற நேரம் கூலியில் கழிகிற நேரம்.

இனி, ஆரம்பத்தில் நான் கடைசிக்கு என்று ஒத்திவைத்த விஷயம்.

நம் ஊரில் செடி வைக்க நினைக்கிறவர்கள் கைக்கு முதலில் எட்டுவது எது? சாயப்பட்டறையில் வேண்டாமென்று போட்ட பிளாஸ்டிக் டப்பா, சாயப்பொடி வந்த டின், பழைய சாய வாளி. சும்மா கிடைக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது. ரோஜா வையுங்கள், குரோட்டன்ஸ் வையுங்கள். வாயில் வைக்கிற எதையும் அதில் வைக்காதீர்கள். பட்டுக்குப் போடுகிற சாயங்களில் உலோகச் சேர்மச் சாயம் என்று ஒரு வகை உண்டு. குரோமியம், கோபால்ட் போன்ற உலோகம் சாயத்தின் மூலக்கூறிலேயே பிணைந்திருக்கும். சாயம் போகாமல் நிற்பதற்குக் காரணமே அதுதான். எந்த டப்பாவில் எது இருந்தது என்று நமக்குத் தெரியாது. நாலு முறை கழுவினேன் என்பதும் கணக்கில் வராது, பிளாஸ்டிக் சாயத்தை உறிஞ்சி வைத்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

அதேபோல் தண்ணீர். கச்சாப் பட்டின் கோந்தை நீக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். அந்தக் கழிவுநீரில் சாயம் இல்லையே, செடிக்கு ஊற்றினால் என்ன என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சோடாவில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுத் திணறும். மூன்று வாரத்தில் தொட்டி சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு ஊறவைத்த தண்ணீர், காய் அலம்பிய தண்ணீர் ஊற்றுங்கள், தாராளமாக. வெங்காயத் தட்டுக்குச் சொந்தச் சேமிப்பு தீர்ந்த பிறகு நாம் கொடுப்பதுதான் அதற்குச் சாப்பாடு என்று முன்னால் சொன்னேன். நல்லதைக் கொடுத்தாலும் கெட்டதைக் கொடுத்தாலும் அதற்கு மறுக்கத் தெரியாது.

இன்னொன்று, ஜன்னல் ஓரத்து டம்ளர்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும், ஒரு டம்ளர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். குழந்தைகளுக்காக டம்ளரில் வைத்தே ஆகவேண்டும் என்றால் தினமும் தண்ணீரை மாற்றி, டம்ளரின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. முகாம் போடும்போது மரக்கன்று நடுவதோடு, நெசவாளர் தெருவில் வீட்டுக்கு இரண்டு மண்தொட்டி என்று ஒரு தெருவுக்காவது செய்து பாருங்கள். தொட்டி, மண், எரு மூன்றும் புதிதாக இருக்கட்டும். அந்தச் செலவைச் சங்கத்தில் கேட்கலாம், கேட்டால் பொருளாளர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்கள். பொன்னாங்கண்ணித் தண்டும் முளைத்த வெங்காயமும் அந்தந்த வீட்டு அடுப்படியிலேயே கிடைக்கும். மூன்று மாதம் கழித்துப் போய் எத்தனை தொட்டி உயிரோடு இருக்கிறது, எத்தனை முறை அறுத்தார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு வாருங்கள். பாதி செத்திருந்தாலும் குறியுங்கள், ஏன் செத்தது என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு கூட்டத்தில் என் பேச்சுக்குப் பதில் அந்த அறிக்கையை வாசிக்கலாம். கார்த்திகை மழை விட்டதும் தொடங்கினால் நல்லது. மார்கழியும் தையும் வெங்காயத்துக்கு இதமான மாதங்கள். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் தொடங்காதீர்கள், தொட்டி மண் வெந்துவிடும்.

வெளியே வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். எங்கள் தெரு மளிகைக் கடையில் முளைவிட்டதால் விற்காமல் ஒதுக்கிய சின்ன வெங்காயம், ஆறேழு கிலோ இருக்கும். போகும்போது ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். முனை மேலே, வேர் கீழே.